பழைய காரின் உடைந்த பிளாஸ்டிக் ட்ரிம்: பல வருடம் ஓட்டிய பிறகு எந்த ஒட்டு நின்றது?

பழைய காருக்கு இன்ஜின் சாமான்கூடத் தேடினால் கிடைத்துவிடும். கன்சோல் மூடி, ஸ்பீக்கர் கிரில், டோர் பேடின் ஓரப்பட்டை இவைதான் கிடைக்காது. வேறொரு வண்டியிலிருந்து கழற்றியதை வாங்கினாலும் அதுவும் அதே வயதுதான். வெயில் தின்று இற்றுப்போயிருக்கும். அதனால் உடைந்ததையெல்லாம் நானே ஒட்டி, பல கோடைகள் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

எந்தப் பசை நல்லது என்று கேட்பதற்கு முன், எந்த பிளாஸ்டிக் என்று பாருங்கள். பாகத்தின் பின்பக்கம் பிளாஸ்டிக்கின் வகை ஏபிஎஸ் (ABS) என்றோ பிபி (PP, அதாவது பாலிப்ரோப்பிலீன்) என்றோ அச்சிட்டிருக்கலாம். ரொம்பப் பழைய வண்டிகளில் அது இருக்காது. அப்போது, வெளியே தெரியாத மூலையில் பஞ்சால் துளி அசிட்டோன் தொட்டு வையுங்கள். ஏபிஎஸ் என்றால் பிசுபிசுக்கும். பாலிப்ரோப்பிலீன் அசையாது, அதன் சில்லு தண்ணீரில் மிதக்கும்.

ஏபிஎஸ் பாகங்களுக்கு நான் நம்புவது ஒன்றே ஒன்று: அதே பிளாஸ்டிக்கின் சில்லுகளை அசிட்டோனில் கரைத்த கூழ். மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் ஓர் இரவு ஊறினால் தேன் பதத்துக்கு வந்துவிடும். விரிசலில் தடவும்போது இரு விளிம்புகளும் இளகி ஒன்றோடொன்று கலக்கின்றன. காய்ந்தபின் அங்கே தனியாகப் பசை என்று எதுவும் இல்லை, பிளாஸ்டிக்தான் இருக்கிறது. கன்சோலில் ஸ்க்ரூ ஏறும் குமிழ் பிளந்திருந்தது. சுற்றிலும் மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் அடுத்தது என்று ஏற்றினேன். ஒரேயடியாக அப்பினால் உள்ளே குமிழி விழும், காயும்போது சுருங்கும். நன்றாக இறுகிய பிறகே ஸ்க்ரூ போட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ முறை கழற்றி மாட்டியாயிற்று, பிளவு திரும்ப வரவில்லை. வேலை முழுக்கப் பின்பக்கத்திலேயே நடக்கட்டும்; முன்பக்கம் ஒரு சொட்டு பட்டால் அந்தத் தோல் போன்ற வரிகள் அழிந்துவிடும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், சால்டரிங் அயர்னை அந்த மேஜைக்கே கொண்டுவராதீர்கள்.

சூப்பர் க்ளூ துண்டுகளைச் சரியாகப் பொருத்திப் பிடித்துக்கொள்ள உதவும், அவ்வளவுதான். ஆட்டமும் அசைவும் உள்ள இடத்தில் அது கண்ணாடி மாதிரி விட்டுப்போகிறது. க்ளவ் பாக்ஸ் கீலில் அதுதான் நடந்தது. போதாததற்கு, கறுப்பு பிளாஸ்டிக்கைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிடும். டூ-பார்ட் எபாக்ஸி, நன்றாகச் சுரண்டிய ஏபிஎஸ்ஸில் பரவாயில்லை. பாலிப்ரோப்பிலீனில் நகத்தால் நெம்பினாலே தகடாக உரிந்து வருகிறது.

பாலிப்ரோப்பிலீனுக்கு வெல்டிங்தான் வழி. பின்பக்கம் விரிசல் நெடுக வி வடிவில் பள்ளம் எடுத்து, மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலைத் துண்டை சால்டரிங் அயர்னால் உள்ளே அழுத்திப் புதைத்து, அதே வகை பிளாஸ்டிக்கை உருக்கி மூடினேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் காலடி ஓரத்தில் தினமும் மிதிபடும் பட்டை இன்னும் அப்படியே நிற்கிறது. முன்பக்கம் மயிரிழைக் கோடு ஒன்று தெரியும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், வரிகள் போய்ப் பளபளப்பான திட்டு விழும்.

கழற்றும்போதுதான் பாதி பாகங்கள் உடைகின்றன. குளிர்ந்த நேரத்தில் கை வைக்காமல், கிளிப் இருக்கும் இடத்தை ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கிவிட்டு நெம்புங்கள். மீட்டரின் முன்னால் இருக்கும் தெளிவான பிளாஸ்டிக்கை மட்டும் முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். அசிட்டோன் பட்டால் வெடிப்பு விழும், சூப்பர் க்ளூவின் ஆவி பட்டாலே மங்கிவிடும்.