16 எபிசோடு இலக்கணம்: கொரியத் தொடர்களை நெடுங்காலம் பார்த்த அனுபவம்

கொரியத் தொடர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவர்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடம். பதினான்காவது எபிசோடு வந்துவிட்டால் காதலர்கள் பிரியப் போகிறார்கள் என்று பொருள். பதினைந்தாவதில் ஆளுக்கொரு பக்கம் நின்று அழுவார்கள். பதினாறாவதில் "ஓராண்டுக்குப் பிறகு" என்று திரையில் எழுத்து விழும். கதாநாயகியின் முடி முன்பிருந்ததைவிடச் சற்றே நீண்டோ குறைந்தோ இருக்கும். இருவரும் ஏதோ ஒரு தெருமுனையில் மறுபடி சந்திப்பார்கள். இவ்வளவும் தெரிந்திருந்தும் ஒரு தொடர் முடிந்த கையோடு அடுத்ததைத் தொடங்கிவிடுகிறோம். நம்மைச் சலிக்க வைக்கும் பழக்கங்களும் நம்மைக் கட்டிப்போடும் குணங்களும் ஒரே இடத்திலிருந்து, அதாவது அந்நாட்டு ஒளிபரப்பு முறையிலிருந்து, பிறந்தவை என்பதே இத்தனை காலம் பார்த்ததில் எனக்குத் தெளிவானது.

அங்கே முதன்மை நேரத் தொடர் என்பது வாரத்துக்கு இரண்டு இரவு: திங்கள்-செவ்வாய், புதன்-வியாழன், வெள்ளி-சனி, அல்லது சனி-ஞாயிறு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அல்லது அதற்குச் சற்று மேல். எட்டு வாரம் ஓடினால் 16 எபிசோடு. பெரும்பாலும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை எழுத்தாளர் ஒருவரே. கிம் உன்-சுக், பார்க் ஜி-உன், பார்க் ஹே-யங் போன்றவர்களின் பெயரைப் பார்த்தே தொடரைத் தேர்ந்தெடுக்கும் பார்வையாளர்கள் உண்டு. இவர்கள் மூவரும் பெண்கள் என்பதையும், அத்துறையில் பெண் எழுத்தாளர்களின் கை ஓங்கியிருப்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். சமையலறைப் பேச்சும் மாமியார் வீட்டு மனக்கணக்கும் அலுவலகத்தில் ஒரு பெண் விழுங்கிக்கொள்ளும் சொற்களும் அத்தொடர்களில் அவ்வளவு துல்லியமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன்.

ஆனால் இந்த முறையில் ஒரு கொடுமையும் இருந்தது. முதல் சில எபிசோடுகளை மட்டும் நிதானமாக எடுத்து வைத்துக்கொண்டு ஒளிபரப்பைத் தொடங்கிவிடுவார்கள். மீதியை ஓட ஓட எழுதி, ஓட ஓடப் படமாக்குவார்கள். படப்பிடிப்பு நாளன்று காலையில்தான் வசனத்தாள் கைக்கு வரும் என்பது அத்துறையில் பலரும் சொல்லிக் கேட்ட செய்தி. 2016-இல் வந்த 'டிசெண்டன்ட்ஸ் ஆஃப் தி சன்' சீனாவிலும் உடனுக்குடன் வெளியாக வேண்டியிருந்ததால், அந்நாட்டுத் தணிக்கைக்கு முன்கூட்டியே கொடுப்பதற்காக, முழுவதும் எடுத்து முடித்த பிறகே ஒளிபரப்பப்பட்டது. அன்றைக்கு அது புதுமையாகப் பேசப்பட்டது. பின்னர் வாரத்துக்கு 52 மணி நேர வேலை வரம்பு படிப்படியாக நடைமுறைக்கு வந்தபோது அவசர அவசரமான படப்பிடிப்பும் குறையத் தொடங்கியது. பழைய தொடர்களில் பத்தாவது எபிசோடுக்குப் பிறகு நினைவோட்டக் காட்சிகள் பெருகுவதையும், முன்பு பார்த்த அதே முத்தம் வேறு மூன்று கோணங்களில் திரும்பி வருவதையும் கண்டு எரிச்சலடைபவர்கள் இந்தப் பின்னணியை நினைவில் கொள்ளலாம். எரிச்சல் தீராது, காரணமாவது புரியும்.

இன்னொரு விசித்திரத்துக்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. கொரியாவின் கேபிள் அல்லாத தரைவழி அலைவரிசைகளில் நிகழ்ச்சியின் நடுவே விளம்பரம் போடுவதற்குப் பல பத்தாண்டுகளாக இருந்த தடை 2021 ஜூலையில்தான் நீங்கியது. அதற்கு முன்பு சில ஆண்டுகள், ஒரு மணி நேர எபிசோடை இரண்டு அரைமணித் துண்டுகளாக வெட்டி, இடைவெளியில் விளம்பரத்தைச் செருகினார்கள். அக்காலத் தொடர்கள் சிலவற்றில் 32 எபிசோடு என்று பார்த்து மலைக்க வேண்டியதில்லை. அது 16-இன் இரட்டிப்புதான். அத்துண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு திடுக்கிடலில் முடிவதால், தொடர்ச்சியாகப் பார்க்கும் நமக்கு அரைமணிக்கு ஒரு முறை யாரோ தோளைப் பிடித்து உலுக்குவதுபோல் இருக்கும்.

தற்செயல்களைப் பற்றிய புகார் நியாயமானது. காதலர்கள் சிறு வயதில் எங்கேயோ சந்தித்திருப்பார்கள். ஒருவர் உயிரை மற்றவர் காப்பாற்றியிருப்பார். இருவருக்கும் அது நினைவில்லை. 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' தொடரில் பாராகிளைடரில் பறந்து எல்லையைத் தாண்டி வடகொரியாவில் விழும் தென்கொரியத் தொழிலதிபரும், அவரைக் காக்கும் வடகொரிய இராணுவ அதிகாரியும் பல ஆண்டுகளுக்கு முன்பே சுவிட்சர்லாந்தில் ஓர் ஏரிக்கரையில் ஒருவரை ஒருவர் அறியாமல் கடந்திருக்கிறார்கள் என்று கதை சொல்கிறது. சாவைத் தேடி அங்கே சென்ற நாயகிக்கு, கரையில் அந்த அதிகாரி வாசித்த பியானோ கேட்கிறது. தர்க்கப்படி பார்த்தால் இது தேவையே இல்லாத முடிச்சு. ஆனால் அந்தத் தொடர் எல்லைக்கோட்டைப் பற்றியது. இரு கொரியாக்களையும் சேர்ந்தவர்கள் இயல்பாகச் சந்திக்க வேண்டுமென்றால் மூன்றாவது நாட்டுக்குத்தான் போக வேண்டும் என்ற உண்மையை அந்தத் தற்செயல் தாங்கி நிற்கிறது. கடைசியிலும் அவர்கள் ஆண்டுக்குச் சில நாட்கள் அதே சுவிட்சர்லாந்தில்தான் சேர்ந்திருக்க முடிகிறது. தற்செயலுக்கு இப்படி ஒரு வேலை இருந்தால் மன்னித்துவிடலாம். வேலை இல்லாத தற்செயல்களே மிகுதி.

அதே தொடரில் வரும் வடகொரியச் சிப்பாய்களில் ஒருவன் தென்கொரியத் தொடர்களை ஒளித்துப் பார்க்கும் இரசிகன். நாயகி கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் தொடர் இலக்கணத்திலிருந்தே பதில் வைத்திருக்கிறான். 2003-இல் தொடங்கிய 'ஸ்டெர்வே டு ஹெவன்' அவனுக்கு உயிர். அதன் நாயகி சோய் ஜி-வூவைத் தென்கொரியாவில் அவன் நேரில் சந்திக்கும் காட்சியும் உண்டு. தம் பழக்கங்களைத் தாமே அறிந்து சிரிக்கும் இந்தக் குணம் கொரிய எழுத்தாளர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது.

முதன்மைக் காதலைவிட என்னை இத்தொடர்களில் நிறுத்தி வைத்தவர்கள் துணைப் பாத்திரங்கள்தாம். 16 மணி நேரத்தைக் காதல் மட்டுமே நிரப்ப முடியாது என்பதால், எழுத்தாளர் தெருவையும் அலுவலகத்தையும் உயிருள்ளதாக்கியே தீர வேண்டியிருக்கிறது. 2015-16-இல் வந்த 'ரிப்ளை 1988' இதற்கு உச்சமான எடுத்துக்காட்டு. தலைநகர் சோலின் சாங்முன்-தோங் பகுதியில் ஒரு சந்து. அதில் அடுத்தடுத்துச் சில குடும்பங்கள். முதல் எபிசோடிலேயே மாலை வேளையில் ஒரு தாய் தான் செய்த கறியில் ஒரு கிண்ணத்தை மகளிடம் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புகிறார். அந்த வீட்டிலிருந்து வேறொரு கிண்ணம் கிளம்புகிறது. பிள்ளைகள் சந்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடி, ஒருவரையொருவர் கடந்து, கையில் ஏதாவது ஒரு பாத்திரத்துடனேயே திரும்புகிறார்கள். இதற்கு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தே சாப்பிட்டுவிடலாமே என்று ஒருவன் அலுத்துக்கொள்கிறான். கதை என்று எதுவும் நகரவில்லை. ஆனால் எந்த வீட்டில் பணம் இருக்கிறது, எந்த வீட்டில் தாய் இல்லை, யார் யாரிடம் கூச்சப்படுகிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கிண்ணங்களின் வழியே தெரிந்துவிடுகிறது. நாயகி தொக்-சனின் கதையும் அப்படித்தான்: 1988 சோல் ஒலிம்பிக்கில் மடகாஸ்கர் அணியின் பெயர்ப்பலகையை ஏந்த மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவளுக்கு, அந்த நாடு விழாவைப் புறக்கணித்தது என்ற செய்தி வருகிறது. வீட்டில் நடுப்பிள்ளையாய்ப் பிறந்து எதிலும் இரண்டாம் பங்கே பெற்றவளின் நிலையை இதைவிடச் சிக்கனமாகச் சொல்ல முடியாது.

அந்தத் தொடரின் பலவீனமும் அதன் பெரும் கவர்ச்சியாகக் கருதப்பட்ட விடுகதைதான். தொக்-சன் மணந்தவர் யார் என்பதைக் கடைசிவரை மறைத்து வைத்து, பார்வையாளர்களை இரண்டு அணிகளாகப் பிரித்து மோத விட்டார்கள். ஒளிபரப்பின்போது அது வாரம் முழுக்கப் பேச்சாக இருந்திருக்கும். இன்று மொத்தமாகப் பார்ப்பவருக்கு, அதே சந்தில் வளர்ந்த ஜங்-ஹ்வானின் மௌனக் காதலை அவ்வளவு நுணுக்கமாக வளர்த்துவிட்டுப் பிற்பகுதியில் அப்படியே ஓரம் கட்டியது மனத்தில் இடறுகிறது. கடைசியில் அவள் மணந்த தெக் எனக்குப் பிடித்த பாத்திரம்தான். இருந்தாலும் அந்தக் கணக்கு நேர்மையாகத் தீர்க்கப்படவில்லை.

பார்க் ஹே-யங் எழுதிய 'மை மிஸ்டர்' (2018) இந்த இலக்கணத்துக்குள்ளேயே இருந்துகொண்டு அதை மீறிய தொடர். கடனில் மூழ்கிய இளம்பெண் ஜி-ஆன் அலுவலகத்திலிருந்து காபித்தூள் பொட்டலங்களைத் திருடி எடுத்துச் சென்று, இரவு அறையில் அதைக் கலந்து குடித்துப் பசியைப் போக்குகிறாள். நடக்க முடியாத பாட்டி நிலாவைப் பார்க்க ஆசைப்பட்டபோது, கடையில் பொருள் தள்ளும் வண்டியில் அவரை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறாள். பொறியாளர் தோங்-ஹூனின் கைப்பேசியை ஒட்டுக்கேட்கத் தொடங்கியவள், அவர் காலடியோசையையும் பெருமூச்சையும் கேட்டுக் கேட்டே அவரை மதிக்கத் தொடங்குகிறாள். காதல் காட்சியில்லை, திருமணமில்லை. முதல் நான்கு எபிசோடுகள் இருண்டு, மெதுவாக நகர்வதால் பாதியில் விட்டவர்கள் பலரை அறிவேன். அவர்களிடம் நான் ஐந்தாவதைத் தாண்டுங்கள் என்று மட்டும் சொல்வது வழக்கம்.

முடிவுகளில்தான் கொரியர்கள் அடிக்கடி கோட்டை விடுகிறார்கள். 2004-இல் நாட்டையே கட்டிப்போட்ட 'லவ்வர்ஸ் இன் பாரிஸ்' கடைசியில் இதெல்லாம் நாயகி எழுதிய கதை என்று சொல்லிப் பார்வையாளர்களின் சாபத்தை வாங்கிக்கொண்டது. 2022-இல் 'ரீபார்ன் ரிச்' அதே குழியில் விழுந்தது: கொலையுண்ட ஊழியன் அந்தப் பெருநிறுவனக் குடும்பத்தின் பேரனாகவே மறுபிறப்பெடுத்து ஆண்டாண்டுகளாகக் காய் நகர்த்திய பிறகு, ஒரு லாரி மோதுகிறது, கண் விழித்தால் பழைய உடலில் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறான். மூலமான இணைய நாவலின் முடிவை மாற்றி இப்படிச் செய்தார்கள். கொரியத் தொடர்களில் அந்த வெள்ளை லாரிக்குத் தனிச் சம்பளமே கொடுக்கலாம். 'ஸ்கை காசில்' 1.7 விழுக்காட்டுப் பார்வையாளர்களுடன் தொடங்கி 23.8-இல் முடிந்த பெருவெற்றி. பிள்ளைகளை மருத்துவக் கல்லூரிக்குள் தள்ளப் பெற்றோர் செய்யும் வன்முறையை அவ்வளவு காலம் கூர்மையாகக் காட்டிவிட்டு, கடைசி எபிசோடில் எல்லாரையும் திருந்த வைத்துக் கைகோத்துச் சிரிக்க வைத்தது. 'எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ' தொடரும் ஆட்டிச நிலையில் உள்ள வழக்கறிஞரின் கதையைப் புதுமையாகத் தொடங்கி, பாதிக்கு மேல் பிறப்பு இரகசியத்தையும் மூத்த வழக்கறிஞரின் வயிற்றுப் புற்றுநோயையும் துணைக்கு அழைத்துக்கொண்டது.

இதற்கு நேர்மாறாக, 'ட்வென்டி ஃபைவ் ட்வென்டி ஒன்' காதலர்களைச் சேர்க்காமல் விட்டதற்காக வசை வாங்கியது. அந்த முடிவை நான் ஆதரிக்கிறேன். 1990-களின் இறுதியில் வந்த பொருளாதார நெருக்கடியில் குடும்பம் சிதறிய ஓர் இளைஞனும், வாள்வீச்சு வீராங்கனையான ஒரு பள்ளி மாணவியும் தத்தம் வேலையாலேயே விலகிப் போவது நடக்கக்கூடிய ஒன்று. முதல் எபிசோடிலிருந்தே அதற்கான குறிப்புகளும் இருந்தன.

கதைக்குள்ளேயே செருகும் பொருள் விளம்பரங்களைப் பற்றியும் ஒரு சொல். 2010-இல் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதிலிருந்து, மனமுடைந்த நாயகிகள் சப்வே கடையில் ரொட்டி தின்பது வழக்கமாகிவிட்டது. 'டிசெண்டன்ட்ஸ் ஆஃப் தி சன்' தொடரில் ஓட்டுநர் காரைத் தானியங்கி முறையில் விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவளை முத்தமிடுவார். காதலைப் பார்ப்பதா காரைப் பார்ப்பதா என்று நாம் குழம்ப வேண்டும். 'வின்சென்சோ'வில் பிபிம்பாப் என்ற கொரியச் சோற்று உணவு சீன நிறுவனத்தின் பெயரில் வந்தபோது கொரியப் பார்வையாளர்கள் கொதித்து, அந்தக் காட்சியையே நீக்க வைத்தார்கள். அதே 2021-இல் வரலாற்றைத் திரித்ததாக எழுந்த எதிர்ப்பில் 'ஜோசன் எக்ஸார்சிஸ்ட்' இரண்டே எபிசோடுகளுடன் நிறுத்தப்பட்டது. பார்வையாளர் குரலுக்கு அங்கே இவ்வளவு வலு இருப்பது ஒருபுறம் மகிழ்ச்சி. மறுபுறம், எழுத்தாளர்கள் கடைசி எபிசோடில் துணிச்சல் இழப்பதற்கு அந்த அச்சமும் காரணமோ என்று ஐயம்.

நம் நெடுந்தொடர்களோடு ஒப்பிட்டுக் கொரியாவை ஏற்றிப் பேசுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அங்கேயும் நூறு எபிசோடுகளைத் தாண்டி ஓடும் தினசரித் தொடர்கள் உண்டு. மாமியார் கொடுமை, மாறிய குழந்தை, நினைவிழப்பு எதற்கும் குறைவில்லை. அவை நம் கண்ணுக்கு அவ்வளவாக வருவதில்லை, அவ்வளவுதான். புதுயுகம் தொலைக்காட்சியில் தமிழ்க் குரலுடன் கொரியத் தொடர்கள் வந்த காலத்திலேயே நமக்குத் தேர்ந்தெடுத்த சரக்குதான் கிடைத்தது. இன்று நெட்ஃபிளிக்ஸிலும் அதுவே நிலை.

அண்மைக் காலத்தில் 16 என்ற அளவே தேய்ந்து வருகிறது. 12, 8, 6 என்று சுருங்கும் தொடர்களில் வேகம் கூடியிருக்கிறது. கிண்ணம் தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளைகளுக்கு இடமில்லை. 2025-இல் ஜேஜு தீவைக் களமாகக் கொண்டு வந்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரைன்ஸ்' 16 எபிசோடையும் வாரத்துக்கு நான்காக வெளியிட்டது எனக்கு நிறைவாக இருந்தது. கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் தாய், படிக்க ஆசைப்பட்ட மகள், அந்த மகளுக்கு ஒரு மகள் என மூன்று தலைமுறையை அவசரமில்லாமல் சொல்ல அந்த நீளம் தேவைப்பட்டது. புதிதாகத் தொடங்குபவர் 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ'வில் தொடங்கி, பிறகு 'ரிப்ளை 1988'-க்குப் போகலாம். 'மை மிஸ்டர்' மூன்றாவதாக இருக்கட்டும். 'தி பென்ட்ஹவுஸ்' பார்க்க விரும்புபவர்கள் முதல் பருவத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதில் செத்தவர்கள் செத்தவர்களாகவே இருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.