டிமென்ஷியா உள்ளவங்களுக்கு ஜிபிஎஸ் வாட்ச் வாங்கப் போறவங்க கவனத்துக்கு

7,400 ரூபாய். நேத்து ராத்திரி கடைக்காரன் என் நம்பரை பிளாக் பண்ணிட்டான், அந்தச் சூட்டோட எழுதுறேன்.

முதியோர் பராமரிப்புக் கருவி விக்கிற ஒரு ஆன்லைன் கடை. மறதி நோய் உள்ளவங்க வீட்டை விட்டுக் கிளம்பினா உடனே போனுக்குத் தகவல் வருமாம். வீடியோ காலில் ஒரு பையன் வாட்ச்சைக் கட்டிக்கிட்டுத் தெருவில் நடந்து காட்டினான், மேப்பில் புள்ளி கூடவே நகர்ந்துச்சு. "எங்க பாட்டிக்கும் இதான் சார்"னான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஜிபே பண்ணேன்.

வந்தது 2ஜி வாட்ச். ஜியோவில் 2ஜியே கிடையாது, சிம் போட்டா சிக்னல் எடுக்காது. பெட்டியில் அதைப் பத்தி ஒரு வரி இல்லை. ஏர்டெல் சிம் போட்டதும் எடுத்துச்சு. ஆனா அப்பா ஹால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கார், புள்ளி முக்கால் கிலோமீட்டர் தள்ளி கண்மாய்க்கு நடுவில் நிக்குது! கான்கிரீட் கூரைக்குக் கீழே சாட்டிலைட் சிக்னல் சரியா எட்டாது. அப்போ செல் டவரை வச்சு உத்தேசமா ஒரு இடத்தைக் காட்டும். அவன் ஏன் தெருவில் மட்டும் நடந்தான்னு இப்பதான் உறைக்குது.

"அஞ்சு நாள் சார்ஜ்" நிக்கும்தான், மணிக்கு ஒரு தடவை இடத்தை அனுப்பினா. நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு மாத்தினா சாயங்காலமே செத்துடுது. எல்லை தாண்டினா அலாரம்னாங்க. ஆப்பில் வைக்கக்கூடிய குறைஞ்ச எல்லையே 500 மீட்டர். அதுக்குள்ள ஆள் மெயின் ரோடு போயிடுவார். பக்கிளும் சாதா பக்கிள், ரெண்டாம் நாளே கழட்டி அரிசி டப்பாவில் போட்டுட்டார்.

திருப்பி எடுத்துக்கோன்னா, "சிம் உங்க பிரச்சனை". அப்புறம் "அப்டேட் வரும், வெயிட் பண்ணுங்க". ரிட்டர்ன் கெடு ஏழு நாள். எட்டாம் நாள் "சீல் பிரிச்சாச்சே சார்". பிறகு வெறும் நீல டிக். 7,400 ரூபாய்க்கு வந்த பில்லில் ஜிஎஸ்டி நம்பர்கூட இல்லை.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்ப முடியலை. 4ஜியான்னு கேளுங்க. வீட்டுக்குள்ள உட்கார்ந்து காட்டச் சொல்லுங்க. பூட்டு பக்கிள் இருக்கான்னு பாருங்க. நிஜத்தில் வாசக்கதவுக்குக் காந்த அலாரம் போதும்: காந்தம் கதவில், பெட்டி கதவு நிலையில், ரெண்டும் விலகினா கத்தும். சிம் வேண்டாம், நெட் வேண்டாம், சில நூறு ரூபாய். அவங்க கைக்கு எட்டாத உயரத்தில் ஒட்டுங்க, இல்லைன்னா சுவிட்சை அணைச்சிடுவாங்க.

நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் குடுத்தாச்சு. 7,400 இன்னும் வரலை.