காற்றை ஊதுகிறது, உறிஞ்சவில்லை. 1,35,000 ரூபாய் போச்சு

வீட்டில் தசைச்சிதைவு, எஸ்எம்ஏ, ஏஎல்எஸ் என்று தசை பலமிழக்கும் நோயோடு யாராவது இருந்து, சளியை இருமித் துப்ப உதவும் காஃப் அசிஸ்ட் மெஷின் பழையதாகத் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை அனுப்புங்கள். நான் போன வெள்ளிக்கிழமை அனுப்பினேன். 1,35,000 ரூபாய்.

என் தம்பிக்கு 19 வயது, டூஷேன் என்ற தசைச்சிதைவு. ராத்திரி மூச்சுக்கு உதவும் பைபாப் மெஷின் போடுகிறான். போன மாதம் பிசியோ பீக் ஃப்ளோ மீட்டரில் இருமச் சொல்லிப் பார்த்தார், நிமிடத்துக்கு 150 லிட்டர்தான் வந்தது. 270க்குக் கீழே போனாலே சளி பிடிக்கும்போது கவனமாக இருக்கணும், 160க்குக் கீழே என்றால் இருமிச் சளியை வெளியேற்றப் பலம் போதாது, மெஷின் பாருங்கள் என்றார். புதுசு பல லட்சம். அதனால் பழைய சாமான் விற்கிற ஒரு ஆன்லைன் தளத்தில் தேடினேன், கோயம்புத்தூரில் ஒன்று இருந்தது.

நேரில்தான் போனேன், ஏமாளி என்று நினைக்க வேண்டாம். சுவரில் மாலை போட்ட படம். "அப்பாவுக்கு ஏஎல்எஸ் பிரதர், மூணு வருஷம் இதை வச்சுத்தான் ஓட்டினோம்" என்றான். மெஷின் முதுகில் ஒரு பிளாஸ்டர் ஒட்டி, பேனாவில் 'அப்பா 40/40' என்று எழுதியிருந்தது, காற்றைத் தள்ளும் அழுத்தம் 40, இழுக்கும் அழுத்தம் 40 என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் உள்ளங்கையில் மாஸ்க்கை வைத்து ஆன் செய்தான், புஸ்ஸென்று காற்று வந்தது, அவ்வளவுதான் நான் பார்த்த சோதனை. ஒன்றரை லட்சம் சொன்னவன் "உங்க தம்பிக்குன்னா 1,35,000 போதும்" என்று அவனே குறைத்தான். அதற்கு மேல் ஓட்டிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அப்பா செத்த வீட்டில் என்னத்தைக் கேட்பது?

வீட்டுக்கு வந்து போட்டதும் தம்பி சொன்னான்: "அண்ணா, இது ஊதத்தான் செய்யுது, இழுக்கவே இல்ல." ஆஸ்பத்திரியில் அவனுக்கு இதைப் போட்டிருக்கிறார்கள், அவனுக்குத் தெரியும். நான்தான் "பழகினா சரியாயிடும்டா" என்று அதட்டினேன். இந்த மெஷினின் வேலையே காற்றை உள்ளே தள்ளி, உடனே வெடுக்கென்று திருப்பி இழுப்பதுதான், அந்த இழுப்புதான் இருமல். மறுநாள் பிசியோ வந்து குழாய் வாயை உள்ளங்கையால் இறுக்க அடைத்துப் பார்த்தார். அழுத்தம் காட்டும் முள் பிளஸ் 40 வரை ஏறியது. இழுக்கும் பக்கம் திரும்பும்போது மைனஸ் 8ல் நின்றுவிட்டது. ஐந்து தடவை பார்த்தோம், அதே 8. அந்தப் பிளாஸ்டரைப் பிய்த்தால், அடியில் சீரியல் நம்பர் சுரண்டப்பட்டிருக்கிறது.

போன் போட்டேன். முதல் நாள், "மாஸ்க் லீக் ஆகும் பிரதர், நல்லா அழுத்திப் பிடிங்க." இரண்டாம் நாள், "ஃபில்டர் மாத்துங்க." மூன்றாம் நாள் பிரதர் போய் சார் வந்துவிட்டது: "கோயில்ல இருக்கேன் சார்." அப்புறம், "எடுத்துட்டுப் போறப்ப நல்லாத்தான இருந்துச்சு, நீங்க என்ன பண்ணீங்களோ." அதோடு வாட்ஸ்அப்பில் பிளாக். தளத்துக்காரர்கள், விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைப்பதோடு எங்கள் வேலை முடிந்தது என்கிறார்கள், விளம்பரத்தையும் காணோம். ஸ்டேஷனில், "பொருள் கைக்கு வந்துடுச்சே, அப்புறம் என்ன மோசடி?" நேற்று திரும்ப அந்த வீட்டுக்கே போனேன். பூட்டு. அது நாள் வாடகைக்கு விடுகிற வீடாம், பக்கத்து வீட்டம்மா சொன்னார். அந்தப் படத்தில் இருப்பது யாருடைய அப்பாவோ! ரிப்பேர்காரர் பார்த்துவிட்டு, இந்த மாடலுக்கு இனி பார்ட்ஸ் வராது, எடைக்குத்தான் போடணும் என்றார். 1,35,000 ரூபாய் எடைக்கு.

என்னென்ன பார்க்கணும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. குழாயைக் கையால் அடைத்து, முள் பிளஸ் மைனஸ் இரண்டு பக்கமும் போகிறதா என்று பாருங்கள். சீரியல் நம்பரைக் கம்பெனிக்குச் சொல்லிக் கேட்காமல் பணம் தராதீர்கள். பிசியோவைக் கையோடு கூட்டிப் போங்கள். நல்ல மெஷினே கிடைத்தாலும் முதல் நாளே 40 வைக்காதீர்கள், குறைவாக ஆரம்பித்துத்தான் ஏற்றணும், நுரையீரலில் காற்றுக் கசிவு வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. பணம் போனால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள், நான் நாலு நாள் கழித்து அடித்தேன்.

இப்போதைக்கு ஆம்பு பேக்கில், அதாவது கையால் அமுக்கிக் காற்று ஊதும் பையில், காற்றை அடுக்கடுக்காக ஏற்றி, வயிற்றை அழுத்தி இருமவைக்கிறோம். மணி இரண்டு. தம்பிக்குத் தொண்டையில் கரகரப்பு கேட்கிறது, போகிறேன்.