பால்மரச் சட்டத்துக்குள் மந்தகாலக் கட்டடங்கள்: சுங்கை சிப்புட் படக்கடை அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் படங்களை அச்சிட்டுச் சட்டம் போட்டுத் தரும் ஒரு சிறிய கடையில், எங்கள் தோட்டப் பொதுமண்டபத்து வாசகசாலைக்காக ஐந்து பெரிய படங்களைச் செய்யக் கொடுத்து, ஒருவழியாகச் சென்ற வாரம் வாங்கி வந்தேன். கல்யாணப் படமோ சாமி படமோ போடுகிறவர்களுக்கு இந்த மதிப்புரை தேவைப்படாது. அவற்றை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுவார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறவர்களுக்காகவே எழுதுகிறேன்.

நான் கொடுத்தவை, 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது அமெரிக்க அரசு வேலையிழந்தவர்களுக்குக் கூலி கொடுத்துக் கட்டுவித்த பொதுக்கட்டடங்களின் படங்கள். டபிள்யூ.பி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட நிவாரண வேலைத் திட்டம் மட்டும் 1935 முதல் 1943 வரை ஏறத்தாழ 85 லட்சம் பேருக்கு வேலை கொடுத்தது. புதிதாக எழுப்பியவை, பழுது பார்த்தவை எல்லாம் சேர்த்து, சுமார் ஒரு லட்சத்து 25 ஆயிரம் பொதுக்கட்டடங்களில் அவர்களின் கை பட்டிருக்கிறது. அரசாங்கம் சோறு போடுவதற்காகக் கொடுத்த வேலைதானே, ஏனோதானோ என்று செய்திருப்பார்கள் என நினைப்பவர்கள் கல்லையும் மரத்தையும் கிட்டே போய்ப் பார்க்கட்டும் என்பதே படங்களை மாட்டும் நோக்கம். ஆகவே அச்சில் எனக்கு வேண்டியிருந்தது அழகு அல்ல, நுணுக்கம்.

அந்த நுணுக்கத்தில்தான் கடைக்காரர் முதலில் சறுக்கினார். ஒரிகன் மாநிலத்தில் ஹூட் மலையின் சரிவில் நிற்கும் டிம்பர்லைன் விடுதி, 1937 செப்டம்பர் 28 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் நேரில் வந்து அர்ப்பணித்த கட்டடம். அதன் அடித்தளம் கரடுமுரடான கற்களால் ஆனது. ஒவ்வொரு கல்லும் தனித்துத் தெரிய வேண்டும். முதல் பிரதியிலோ சுவர் நேற்றுச் சிமெண்டு பூசியது போல வழவழவென்று இருந்தது. "பழைய படம் சார், கம்ப்யூட்டர்ல கிளீன் பண்ணிட்டேன், எப்படிப் பளிச்சுனு இருக்கு பாருங்க" என்று அவர் பெருமையோடு சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை, அயர்ச்சிதான் வந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே இருந்த நிழல்களை அழுக்கு என்று எண்ணித் துடைத்திருக்கிறார். போதாக்குறைக்குப் புகைபோக்கியின் உச்சியும் வெட்டுப்பட்டிருந்தது. விளக்கிச் சொன்னதும், மூலப்படத்தை உள்ளது உள்ளபடியே மறுபடி அச்சிட்டுத் தந்தார். அதற்குக் காசு கேட்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது அச்சு நன்றாகவே வந்திருக்கிறது. அதே விடுதியின் உட்புறப் படத்தில், மாடிப்படிக் கம்பங்களின் தலையில் செதுக்கிய விலங்குகளின் உளித்தடம் வரை தெரிகிறது. அந்தக் கம்பங்கள் பழைய மின்கம்பங்களாக இருந்தவை. கணப்பில் விறகைத் தாங்கும் இரும்புத் தாங்கிகள் பழைய தண்டவாளத் துண்டுகள். எதையும் வீசாமல் எடுத்துவைக்கும் தோட்டத்து வீடுகளில் வளர்ந்த எனக்கு இந்தப் படத்தின்மீது தனிப் பிரியம் உண்டு.

கொலராடோவின் ரெட் ராக்ஸ் திறந்தவெளி அரங்கமும் குறை சொல்ல முடியாதபடி வந்துள்ளது. 1936 முதல் 1941 வரை, சி.சி.சி. எனப்பட்ட அரசு நிவாரண வேலைப் படையின் இளைஞர்கள் இரு பெரும் செம்பாறைகளுக்கு நடுவே அதைக் கட்டினார்கள். அந்தப் படையில் மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். 1936இல் திறக்கப்பட்ட நியூயார்க்கின் அஸ்டோரியா நீச்சல்குளப் படம் சுமார்தான், மூலமே மங்கல். ஐந்தாவது, அதே நியூயார்க்கின் லகுவார்டியா விமான நிலையத்தின் கடல் விமான முனையம். அதன் உட்சுவரைச் சுற்றி வரைந்திருந்த பெரிய ஓவியத்தை 1950களில் வண்ணம் அடித்து மறைத்துவிட்டு, 1980இல் சுரண்டி மீட்டார்கள். சுவரைக் கண்டால் வண்ணம் அடிக்கத் துடிக்கும் நிர்வாகக் குழுக்கள் நம் ஊரில் மட்டும் இல்லை போலும்.

"நம்ம பக்கத்துப் படம் ஒண்ணும் இல்லையா சார்?" என்று கடைக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. அதே மந்தத்தில் ரப்பர் விலை படுத்தபோது, 1930இலேயே தமிழகத்திலிருந்து பயணச் செலவு கொடுத்து ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். ஏற்கெனவே இங்கே பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களில் பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். வேலை இல்லாதவனுக்குக் கல்லும் உளியும் கொடுத்தது ஒரு அரசு; இங்கே நம்மவரில் பலருக்குக் கிடைத்தது கப்பல் சீட்டு. கப்பலுக்கு ஏது கட்டடம்? அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பலகை மாதிரிகளை எடுத்து என் முன்னால் பரப்பினார்.

சட்டத்துக்குப் பால்மரப் பலகையை, அதாவது ரப்பர் மரப் பலகையைத் தேர்ந்தெடுத்தேன். வெளிர் நிறம், கறுப்பு வெள்ளைக்குப் பொருந்துகிறது. விலையும் தேக்கில் பாதிதான். பால்மரத்தில் எளிதில் பூச்சி அரிக்கும், பூஞ்சை படரும் என்பதால் மருந்து ஏற்றிய பலகைதானா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மூலை இணைப்புகளில் நகம் நுழையவில்லை. பின்பக்கம் ஒட்டுப்பலகை வைத்து, ஈரக்காற்று புகாதபடி விளிம்பெல்லாம் நாடா ஒட்டியிருக்கிறார். கண்ணாடி மட்டும் சாதாரணமானது. மண்டபத்துக் குழல்விளக்கு அதில் பளபளக்கிறது.

படத்தின் கீழ் ஒட்டும் தமிழ்க் குறிப்புகளை அவரிடம் விடாதீர்கள். கடைக் கணினியில் ஒற்றைக்கொம்பும் காலும் இடம் மாறி, 'பொது' என்ற சொல் ஐந்து படங்களிலும் 'பாெது' என்று வந்தது. கடைசியில் வீட்டிலேயே அச்சிட்டு ஒட்டினேன்.

படம் ஒன்றுக்கு 85 ரிங்கிட், ஆக 425 ரிங்கிட், முன்பணம் 100. பத்து நாள் என்றார், மூன்று வாரம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. முதலில் பாழான அந்த டிம்பர்லைன் பிரதியை அவர் தூக்கிப் போடாமல், மாதிரிக்கென்று கடை முகப்பிலேயே மாட்டி வைத்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு உள்ளே நுழையாமல் திரும்பிவிடாதீர்கள்.