காற்றுக்கு எந்த மிதவை எப்படி அசைகிறது?

மிதக்கும் காற்றாலையை ஆட்டுவது அலை மட்டும்தான் என்று எண்ணிவிடுகிறோம். அலை பெரும்பாலும் 5 முதல் 20 வினாடிக்கு ஒருமுறை வந்து போகிறது. காற்றின் ஏற்ற இறக்கமோ அரை நிமிடம், சில நிமிடங்கள் என்று நீண்டு நடக்கிறது. காற்றாலையைத் தாங்கும் மிதவைகள் மூன்று வகை: நீருக்குள் ஆழமாக நிற்கும் ஒற்றைத் தூணான தூண் மிதவை, பல தூண்களை இணைத்துப் பாதி மூழ்கி மிதக்கும் அரைமூழ்கு மேடை, இறுக்கமான கம்பிகளால் கடலடியோடு கட்டிய இறுக்குக்கம்பி மேடை. இவற்றை ஒப்பிடும்போது, இந்த நீண்ட அசைவை எது எப்படித் தாங்குகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

புயலில்தான் சாய்வு மிகும் என்பதும் சரியல்ல. ஆய்வுகளில் பெரிதும் பயன்படும் 5 மெகாவாட் மாதிரி டர்பைனில், காற்று வினாடிக்கு சுமார் 11.4 மீட்டர் வேகத்தை எட்டும்போது, அது இறக்கைகளைப் பின்னோக்கித் தள்ளும் தள்ளுவிசை உச்சம் பெறுகிறது: நீர்மட்டத்துக்கு 90 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 80 டன் எடைக்கு நிகரான விசை. காற்று அதற்கும் மேல் வலுத்தால் இறக்கைகள் தம் கோணத்தைத் திருப்பிக்கொள்வதால் விசை குறையும்.

ஸ்காட்லாந்தின் ஹைவிண்ட் காற்றாலைப் பண்ணையில் 2017 முதல் இயங்கும் தூண் மிதவைகள் நீருக்குள் சுமார் 78 மீட்டர் ஆழம் இறங்கியிருக்கின்றன. இவ்வகை மிதவை முன்னும் பின்னும் ஒருமுறை சாய்ந்து மீள ஏறத்தாழ அரை நிமிடம் எடுப்பதால் அலை அதை எளிதில் தூண்டுவதில்லை, காற்று தூண்டுகிறது. மிதவை காற்றை நோக்கிச் சாயும்போது இறக்கைகள் உணரும் வேகம் கூடுகிறது. மின்னுற்பத்தியை நிலையாக வைக்கும் கட்டுப்பாட்டுக் கருவி உடனே இறக்கைகளைத் திருப்பிவிட, தடுத்து நிறுத்த வேண்டிய தள்ளுவிசை அந்த நேரத்தில்தான் குறைந்து, சாய்வு இன்னும் வளர்கிறது. கருவியை மிதவையின் அசைவைவிட மெதுவாக இயங்கவைப்பதே வழக்கமான மருந்து. அதற்கு விலையாகச் சுழற்சி வேகம் சற்று ஏறி இறங்கும்.

போர்ச்சுகலின் விண்ட்ஃப்ளோட் அட்லாண்டிக் போன்ற அரைமூழ்கு மேடைக்கும் இச்சிக்கல் உண்டு. அதன் மூன்று தூண்களுக்கிடையே நீரை மாற்றிச் சராசரிச் சாய்வைச் சரிசெய்யலாம். ஆனால் பம்பு வேலை மெதுவானது, திடீர் வீச்சுக்கு உதவாது. காற்றும் அலையும் வெவ்வேறு திசையில் வந்தால் பக்கவாட்டு ஆட்டத்தையும் கவனிக்க வேண்டும், ஏனெனில் சுழலும் இறக்கைகள் தரும் தணிப்பு (ஆட்டத்தை அடக்கும் தன்மை) பெரும்பாலும் முன்பின் அசைவுக்கே கிடைக்கிறது.

பிரான்சின் புரோவான்ஸ் கடலில் நிறுவப்பட்ட இறுக்குக்கம்பி மேடைகளோ கடலடியோடு இழுத்துக் கட்டப்பட்டவை. சாய்வின் அலைவுக்காலம், அதாவது ஒருமுறை சாய்ந்து மீளும் நேரம், சில வினாடிகளே என்பதால் மெதுவான காற்று அவற்றைச் சாய்ப்பது அரிது. கிடையாக நகர்த்த மட்டும் முடியும். காற்று ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் என் தேர்வு இதுதான். ஆயினும் கம்பி ஒருபோதும் தொய்யக் கூடாது என்ற நிபந்தனையும், கட்டப்படும் முன் மேடையைக் கடலில் இழுத்துச் செல்லும் நாட்களில் அதற்குப் போதிய நிலைத்தன்மை இல்லாததும் பல இடங்களில் முடிவை அரைமூழ்கு மேடையின் பக்கம் திருப்பிவிடுகின்றன.