ஹார்மோனிக்ஸை அடக்க: சோக்கா, டியூன்டு ஃபில்டரா, ஆக்டிவ் ஃபில்டரா?

கெப்பாசிட்டர் பேனலைத் திறந்தால் ஒரு டப்பா மட்டும் வயிறு உப்பி நிற்கும். அதை மாற்றி, ஃபியூஸும் போட்டு மூடினால் கொஞ்ச நாளில் மறுபடி அதே கதை. மட்டமான சரக்கு என்று பழி கெப்பாசிட்டர் மேல் விழும். பல நேரம் உண்மைக் குற்றவாளி ஹார்மோனிக்ஸ், அதாவது லைனின் 50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் வரும் வேண்டாத கரண்ட். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், 5% இம்பீடன்ஸ் என்றால் ஷார்ட் சர்க்யூட் திறன் 20,000 கே.வி.ஏ. அதோடு 400 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் இருக்கிறது. 20,000-ஐ 400-ஆல் வகுத்தால் 50; வர்க்கமூலம் 7.07. 50 ஹெர்ட்ஸ் லைனில் அதன் 7 மடங்கான 350 ஹெர்ட்ஸை ஒட்டி ஒத்ததிர்வு, அதாவது அங்கே வரும் கரண்ட் பல மடங்கு பெருகும். 6 பல்ஸ் டிரைவ்கள் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவிகள்) கக்குவதோ 5, 7, 11, 13-ஆவது ஹார்மோனிக்ஸ். ஏழாவது நேராகப் போய் அங்கே உட்கார்ந்துகொள்கிறது.

அடக்கும் வழி மூன்றில் என் முதல் ஓட்டு சோக்குக்குத்தான் (லைனில் தொடராகப் போடும் கம்பிச்சுருள்). சோக்கே இல்லாத டிரைவ் முழு லோடில் 80% வரைகூட கரண்ட் சிதைவு (அடிப்படைக் கரண்டோடு ஒப்பிட்ட ஹார்மோனிக்ஸ் அளவு) காட்டும். 3 முதல் 5% லைன் சோக் போட்டால் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஃபேன் இல்லை, செட்டிங் இல்லை, சும்மா கிடக்கும். ஆனால் லோடு குறைந்தால் சிதைவின் சதவீதம் ஏறும். அங்கே பதற வேண்டாம், ஆம்பியரைப் பாருங்கள். கெப்பாசிட்டரோடு தொடராகப் போடும் 7% சோக் வேறு சமாச்சாரம். ஒத்ததிர்வை 189 ஹெர்ட்ஸுக்கு இறக்கிக் கெப்பாசிட்டரைக் காப்பாற்றும், அவ்வளவே. அதையே ‘ஹார்மோனிக் ஃபில்டர்’ என்று தலையில் கட்டுபவர்களும் உண்டு.

டியூன்டு ஃபில்டர் என்பது ஒரு ஹார்மோனிக்குக்கென்றே பொருத்திய சுருளும் கெப்பாசிட்டரும். ஐந்தாவதை நன்றாக விழுங்கும், பவர் ஃபாக்டரையும் தூக்கும். சிக்கல் என்னவென்றால், யார் வீட்டு ஹார்மோனிக்ஸ் என்று அது பார்க்காது. பக்கத்து ஃபீடரிலிருந்து வருவதையும் இழுத்துக்கொண்டு சூடாகும். இரவில் லோடு இறங்கினால் கெப்பாசிட்டர் தேவைக்கு மேலாகி, பவர் ஃபாக்டர் லீடிங்கில் போகும். ஜெனரேட்டரில் ஓடும்போது இது பெரிய தலைவலி. நாளாவட்டத்தில் கெப்பாசிட்டர் மதிப்பு குறைந்தால் டியூனிங்கும் நகர்ந்துவிடும். மாறாத ஒரே பெரிய லோடு என்றால் மட்டும் இதை யோசிப்பேன்.

ஆக்டிவ் ஃபில்டர் சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வழியாகக் கரண்டை அளந்து, எதிர்ப்பதமான கரண்டை உள்ளே செலுத்துகிறது. லோடு மாற மாற அதுவும் மாறும். தாங்காத அளவு வந்தாலும் எரியாது, தன் வரம்போடு நின்றுகொள்ளும். கணினி, எல்.இ.டி. விளக்குகள் நிறைந்த கட்டடத்தில் மூன்றாவது ஹார்மோனிக் மூன்று ஃபேஸிலிருந்தும் நியூட்ரலில் வந்து கூடும். அங்கே 4 வயர் ஆக்டிவ் ஃபில்டர் நன்றாகக் கைகொடுக்கும். விலை அதிகம், ஃபேன், தூசி, போர்டு என்று கவனிப்பும் கேட்கும்.

12 பல்ஸ் என்ற இன்னொரு வழி, புது டிரைவ் வாங்கும்போது பேச வேண்டியது. 30 டிகிரி விலகிய இரண்டு வைண்டிங்கால் 5-உம் 7-உம் பெரும்பாலும் கழிந்துவிடும். ஓடுகிற ஆலையில் அதற்காக டிரான்ஸ்ஃபார்மரை மாற்ற யாரும் துணிவதில்லை.

பலர் தவறுவது வரிசையில். சோக் இல்லாத டிரைவுக்கு ஆக்டிவ் ஃபில்டர் போட்டால், டிரைவ் இன்னும் அதிகமாக ஹார்மோனிக்ஸை இழுக்கும், ஃபில்டரும் தேவைக்கு மேல் பெரிதாக வேண்டியிருக்கும். சோக் போட்டு, மீண்டும் அளந்து, மிச்சத்துக்கு மட்டும் ஃபில்டர் வாங்குங்கள். சுவிட்சைப் போட்டதும் சிதைவு குறையாமல் ஏறினால், கம்பெனிக்குப் போன் செய்யுமுன் சி.டி.யில் எஸ்1, எஸ்2 என்ற இரு முனைகளும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.