‘ரேகை சரியா விழலம்மா, இன்னொரு தடவை வைங்க’ என்று சிம் விற்பவர் சொன்னால் கையை எடுத்துவிடுங்கள்

பஸ் ஸ்டாண்டு வாசலிலும் மார்க்கெட் பக்கத்திலும் கம்பெனிக் குடையை விரித்துவைத்து சிம் கொடுக்கிறார்களே, அங்கே உங்கள் அப்பாவோ அம்மாவோ சமீபத்தில் கைரேகை வைத்தார்களா? அப்படியென்றால் அவர்கள் பெயரில் இப்போது எத்தனை எண்கள் ஓடுகின்றன என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். என் அம்மா பெயரில் அவருக்கே தெரியாமல் ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பணம் எதுவும் போகவில்லை. ஆனால் அந்த எண்ணிலிருந்து யார் யாருக்கு என்ன அழைப்புப் போனது, யார் ஏமாந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அதுதான் பயமே.

அம்மா கும்பகோணத்தில் இருக்கிறார். வைத்திருப்பது பட்டன் போன். தீபாவளிக்கு முன்னால் காய்கறி வாங்கப் போனவரை ஒரு பையன் கூப்பிட்டிருக்கிறான். “அம்மா, உங்க சிம் ரொம்பப் பழசு. 5ஜிக்கு மாத்தலேன்னா அடுத்த மாசத்துலேர்ந்து இன்கமிங் வராது. இன்னிக்கு ஃப்ரீயா மாத்தித் தரோம், அஞ்சு நிமிஷ வேலை.” பட்டன் போனுக்கு 5ஜி எதற்கு என்று அம்மாவுக்குத் தெரிய நியாயமில்லை. பையனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். இத்தனைக்கும் 5ஜி போன் வாங்கியவர்களுக்கே பெரும்பாலும் சிம் மாற்ற வேண்டியதில்லை. கையில் இருக்கும் 4ஜி சிம்மிலேயே 5ஜி வேலை செய்யும் என்று பெரிய நிறுவனங்கள் தொடக்கத்திலிருந்தே சொல்லிவருகின்றன. ‘இன்கமிங் கட் ஆகிவிடும்’ என்று மிரட்டினால்தான் வயதானவர்கள் நிற்பார்கள். ஊரிலிருந்து பிள்ளைகள் கூப்பிடும் போன் நின்றுவிடுமோ என்கிற பயம் அவர்களுக்கு.

ஆதார் எண்ணைக் கேட்டிருக்கிறான், சொல்லியிருக்கிறார். சின்னக் கருவியில் கட்டைவிரலை வைக்கச் சொன்னான், வைத்தார். போட்டோ எடுத்தான். அப்புறம், “ரேகை சரியா விழலம்மா, துடைச்சிட்டு இன்னொரு தடவை வைங்க.” முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடி ஒரு போட்டோ. புது சிம்மைப் போனில் போட்டுக் கொடுத்து, அம்மா கொண்டுவந்திருந்த பையைக் கூடத் தூக்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். “தங்கமான தம்பி” என்று அம்மா அன்று இரவு என்னிடம் போனில் சொன்னார்.

இந்த இரண்டாவது ரேகையில்தான் மோசடி இருக்கிறது. கருவியில் விரல் வைத்தவுடன் அது ஆதார் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கப்படும். ஒத்துப்போனால் பெயர், முகவரி, படம் எல்லாம் நேராக நிறுவனத்தின் விண்ணப்பத்தில் வந்து உட்கார்ந்துவிடும். காகிதம், கையெழுத்து எதுவும் கிடையாது. அதாவது ஒருமுறை ரேகை விழுந்தால் ஒரு விண்ணப்பம் முடிந்தது. முதல் ரேகையில் அம்மாவின் பழைய எண்ணுக்கு மாற்று சிம். இரண்டாவது ரேகையில் அம்மா பெயரிலேயே ஒரு புத்தம் புது எண். டேப்லெட் திரை அவன் பக்கம் திரும்பியிருக்கிறது. எதிரே நிற்பவருக்கு எதுவும் தெரியாது.

வயதானவர்களை ஏன் குறிவைக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வயல் வேலை, கட்டட வேலை, பாத்திரம் தேய்ப்பது, புளி கரைப்பது என்று தேய்ந்த விரல்களுக்கு ரேகை நிஜமாகவே சரியாக விழாது. ரேஷன் கடையில் மாதா மாதம் நான்கு விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பவர்கள் அவர்கள். ‘இன்னொரு தடவை’ என்று சொன்னால் அவர்களுக்குச் சந்தேகமே வராது. அந்தக் கருவியின் குறைதான் திருடனுக்கு வசதி. இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தவன் மேல் எனக்குக் கோபத்தோடு கொஞ்சம் ஆச்சரியமும் உண்டு.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவின் போனில் இன்பாக்ஸ் நிறைந்து புதுச் செய்தி வராமல் நின்றிருந்தது. அழித்துக்கொண்டே வந்தால் நடுவில் ஒரு செய்தி. ‘உங்கள் எண்ணின் திட்டம் முடியப்போகிறது, ரீசார்ஜ் செய்யவும்.’ அதில் இருந்தது அம்மாவின் எண் இல்லை. வேறு எண். புது இணைப்பு வாங்கும்போது மாற்று எண் என்று ஒன்று கேட்பார்களே, அந்த இடத்தில் அம்மாவின் சொந்த எண்ணையே பையன் கொடுத்திருக்கிறான். அந்த அலட்சியம் இல்லையென்றால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

உடனே சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்தோம். மத்திய தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் தொடங்கிய தளம் இது. 2025 கடைசியில், விற்கிற எல்லாப் புது போன்களிலும் இதன் செயலியைப் போட்டே தர வேண்டும் என்று உத்தரவிட்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் அரசு பின்வாங்கியதே, அதே சஞ்சார் சாத்திதான். செயலி பிடிக்காதவர்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். உங்கள் பெயரில் உள்ள இணைப்புகளை அறிய என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும். அதைப் போட்டால் அந்தப் பெயரில் உள்ள எண்கள் வரிசையாக வரும், நடு இலக்கங்கள் மட்டும் மறைந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேரே ‘என் எண் இல்லை’, ‘தேவையில்லை’, ‘தேவை’ என்ற பொருளில் மூன்று தேர்வுகள் உண்டு. தெரியாத எண்ணுக்கு முதலாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘தேவையில்லை’ என்று போட்டால் ‘எண் என்னுடையதுதான், இனி வேண்டாம்’ என்று ஆகிவிடும். அப்புறம் அதை வைத்து எவனாவது செய்த வேலைக்கும் நாமே சொந்தக்காரர். பதிவு செய்ததும் ஒரு குறிப்பு எண் வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூரிலிருந்து பெற்றோருக்காக இதைச் செய்பவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். சித்தியின் எண்ணைச் சென்னையிலிருந்து சோதித்தபோது ஓடிபியைக் கேட்டேன். “ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதேன்னு நீதானே சொன்னே, நீ நீதானான்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று வைத்துவிட்டார். நல்லதுதான். வீடியோ காலில் முகத்தைக் காட்டி வாங்கினேன்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். தளத்தில் பதிந்த கையோடு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும் போன் செய்தேன். எண்களை அழுத்தி அழுத்தி, பாட்டுக் கேட்டு, ஒருவழியாக மனிதர் ஒருவர் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் சொன்ன பதில்: “சார், அந்த நம்பரை கட் பண்ணணும்னா அந்த நம்பர்லேர்ந்துதான் கால் பண்ணணும்.” அந்த நம்பர் திருடனிடம் இருக்கிறது ஐயா என்றேன். “புரியுது சார். ஆனா ப்ராசஸ் அதுதான்.” புகார் எண் கேட்டதற்கு, இது புகார் வகையிலேயே வராது என்றார். விடாமல் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

ஊரில் அவர்களுடைய ஷோரூமுக்கும் அம்மாவோடு போனேன். குளிர்ச்சியாக ஏசி, சிரித்த முகம், “உட்காருங்கம்மா.” குடை போட்டு விற்பவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் ஆட்கள், யார் என்று எங்களுக்குத் தெரியாது என்றார் மேனேஜர். இதை நான் நம்பத் தயாராக இல்லை. 2023 டிசம்பர் 1 முதல் சிம் விற்கும் ஒவ்வொரு முகவரையும் நிறுவனங்கள் சரிபார்த்துப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு இல்லாத முகவர் மூலம் விற்றால் நிறுவனத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் அபராதம். அந்த ஆண்டு ஆகஸ்டில் இந்த விதியை அறிவித்தபோதே, மோசடி இணைப்புகள் 52 லட்சம் துண்டிக்கப்பட்டதாகவும் 67,000 முகவர்கள் கருப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டதாகவும் அமைச்சர் சொன்னார். ஆக, எந்த முகவரின் அடையாளத்தில், எந்த நேரத்தில் ஒரு சிம் உயிர்பெற்றது என்பது நிறுவனத்தின் கணினியிலேயே இருக்கிறது. தெரியாது என்றால் சொல்ல விருப்பமில்லை என்று பொருள். மாதக் கடைசி டார்கெட்டை முடித்துக் கொடுப்பவன் அந்தப் பையன்தானே.

கையில் ஆதாரம் இல்லாமல் பேசிப் பயனில்லை என்று ஆதார் தளத்தில் நுழைந்தேன். நிறையப் பேர் கண்டுகொள்ளாத பகுதி அங்கே ஒன்று உண்டு. உங்கள் ஆதாரைக் கடந்த ஆறு மாதங்களில் யார், எப்போது, எந்த வழியில் சரிபார்த்தார்கள் என்ற வரலாறு அது. ரேகையா ஓடிபியா என்பது முதல் வெற்றியா தோல்வியா என்பது வரை வரும். அம்மாவின் வரலாற்றில் அந்த நாளில் அதே நிறுவனத்தின் பெயரில் இரண்டு பதிவுகள், சில நிமிட இடைவெளியில். இரண்டுமே ரேகை. இரண்டுமே வெற்றி. முதல் தடவையே ரேகை கச்சிதமாக விழுந்திருக்கிறது! ‘சரியா விழல’ என்றது பச்சைப் பொய். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் காட்டியதும் மேனேஜரின் சிரிப்பு நின்றது. ஆறு மாதத்துக்கு மேல் போனால் இந்த ஆதாரம் கிடைக்காது, அதனால் சந்தேகம் வந்த உடனே பார்த்துச் சேமித்துவிடுங்கள்.

போலீஸ் நிலையத்தில், “பணம் போச்சா? போகலையா? அப்புறம் என்ன?” என்றுதான் ஆரம்பித்தார்கள். அச்செடுத்ததைப் பார்த்த பிறகு மனுவை வாங்கி ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீது முக்கியம். நாளைக்கு வேறு மாநிலப் போலீஸ் அந்த எண்ணைத் தேடிக்கொண்டு வீட்டு வாசலில் நின்றால், நாங்கள் முன்னாடியே சொன்னோம் என்று காட்ட வேறு காகிதம் கிடையாது. ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் வாங்குவதற்கு 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதே சட்டம் ஒருவர் பெயரில் அனுமதித்ததற்கு மேல் சிம் இருந்தால் அவருக்கும் அபராதம் போடுகிறது. உச்சவரம்பு தமிழ்நாட்டில் ஒருவருக்கு ஒன்பது சிம். விஜயவாடாவில் ஒரே ஆளின் படத்தில் 658 சிம்கள் இருந்தது 2023இல் வெளியே வந்தது. அந்த வேகத்தில் போனால் ஒன்பதெல்லாம் எந்த மூலைக்கு?

தளத்தில் பதிந்த பிறகு அம்மாவின் பட்டியலிலிருந்து அந்த எண் மறைந்துவிட்டது. நிறுவனத்திடமிருந்து ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. யார் விற்றார், அவர் மேல் என்ன நடவடிக்கை, ஒரு வரி இல்லை. இப்படி ‘தீர்த்து’ வைத்தால் அதோடு விட வேண்டியதில்லை. ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டுப் பிரிவு இருந்தாக வேண்டும். புகார் எண்ணைக் காட்டி அங்கே இலவசமாக முறையிடலாம். அதனால்தான் புகார் எண்ணுக்கு அவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதச் சொல்லிப் பலர் யோசனை தருவார்கள். டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை, நிறுவனத்துக்கே தள்ளிவிடும். நுகர்வோர் நீதிமன்றம் போகலாம். தொலைபேசிப் புகார்களை அங்கே விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து பார்க்கலாம். இப்படித் திருட்டு எண்ணிலிருந்து யாராவது கூப்பிட்டு உங்கள் பணத்தையே பறித்திருந்தால் மட்டும் வேறு எங்கும் நிற்காமல் முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அடியுங்கள்.

ஆதாரில் ரேகையைப் பூட்டி வைத்துவிடு என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆதார் செயலியில் பூட்டலாம், தேவைப்படும்போது சில நிமிடங்கள் திறந்துகொள்ளலாம். எனக்குப் பூட்டிவிட்டேன். அம்மாவுக்கு அது சரிப்படவில்லை. ஸ்மார்ட்போன் இல்லாதவர் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்து, நான் மீட்டிங்கில் இருந்து, பின்னால் நிற்பவர்கள் திட்டி... ஒரே மாதத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வசதி இருப்பவர்கள் பூட்டுங்கள்.

அம்மாவுக்கு நான் சொல்லி வைத்திருப்பது இவ்வளவுதான். சிம் வேலை என்றால் குடைக்கடை வேண்டாம், நான் வரும்போது ஷோரூமுக்கே போவோம். எங்கேயாவது ரேகை வைக்க நேர்ந்து ‘விழலை’ என்று சொன்னால், “திரையை என் பக்கம் திருப்பு தம்பி, பார்க்கணும்” என்று சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சொல்ல வேண்டும். திருப்பவில்லை என்றால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

முகவரின் பெயரைக் கேட்டு மேல்முறையீடு போட்டிருக்கிறேன். பதில் வந்தால் இந்தப் பதிவிலேயே கீழே சேர்க்கிறேன். கும்பகோணம் பக்கம் வேறு யாருக்காவது இதே மாதிரி நடந்திருந்தால், உங்கள் வீட்டாரின் போன் எண்ணையோ ஆதார் எண்ணையோ பொதுவில் போட்டுவிடாமல், எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். ஒரே முகவர்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.